சுடாத விரல்

பசையைச் சூட்டில் உருக்கி விடும் குளூ கன் பார்சலில் வந்து இறங்கிய அன்று என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிவகாசிக்காரிக்குத் துப்பாக்கி வெளியூர்ல இருந்து வருதாக்கும். இங்கன பொட்டு வெடித் துப்பாக்கி எம்புட்டு வேணும்?" என்று கேலி செய்தார். அவர் அச்சாபீசில் தாள் வெட்டும் மிஷினில் வேலை பார்ப்பவர். கேலி செய்தாரே தவிர, மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு பை நிறையத் துண்டுத் தாள் கொண்டுவந்து போட்டார். கல்யாணப் பத்திரிகையின் தங்க நிற ஓரங்களும் பட்டாசுப் பெட்டி லேபிளின் மினுமினுக்கும் விளிம்புகளுமாக அதில் கிடந்தன. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மகளை மதுரையில் விடுதியில் சேர்த்துவிட்டு வந்த பிறகு பகல் பொழுது நகரவே மாட்டேன் என்றது. போனில் பார்த்த கைவேலை வீடியோக்களில் எல்லாம் ஐந்து நிமிட வேலையாக இருந்தது. பசையைத் தடவி, வெயிலில் வைத்து, மறுநாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கெல்லாம் நான் லாயக்கில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சமைக்கும்போதே சாதம் வெந்துவிட்டதா என்று நாலு தடவை திறந்து பார்க்கிற ஆள். நினைத்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிற பசை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

முதலில் செய்தது ஒரு பேனா ஸ்டாண்டு. தீப்பெட்டி கம்பெனியில் கழித்துப்போடும் மருந்து வைக்காத குச்சிகளை வாங்கிவந்து, காலி டப்பாவைச் சுற்றி வரிசையாக ஒட்டினேன். அப்புறம் போட்டோ சட்டம், சுவர்க் கடிகாரத்தைச் சுற்றி ஒரு சூரியன், தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஒரு வாழ்த்து அட்டை. செய்யச் செய்ய ஒன்று தெரிந்தது. ஐந்து நிமிட வேலை என்று சொல்பவர்கள் விரல் சுடுவதைச் சொல்வதில்லை. அந்தப் பசை துப்பாக்கி முனையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிறது, சில நொடிகளில் இறுகிவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குள் முத்தையோ கல்லையோ வைத்து அமுக்கியாக வேண்டும். அமுக்கினால் ஓரத்தில் பிதுங்கி விரலில் ஒட்டும். ஒட்டியதை உதறவும் முடியாது. ஐஸ் குச்சியால் அமுக்கலாம். ஆனால் குச்சியால் அமுக்கினால் முத்து நழுவிக் கோணலாகப் போய் நிற்கும். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து நான் "ஆ" என்று கத்துவது அவருக்குப் பழகிப்போனது.

எங்கள் பின்வரிசை வீட்டில் அவள் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் நடந்த விபத்தில் வலது கை வெந்துபோனது. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் உயிர் தப்பினாள். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நீண்டன, எல்லா வேலையும் செய்தன. ஆனால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியிலும் உணர்ச்சி என்பது துளியும் இல்லை. நரம்பு மெல்ல வளர்ந்து வந்தால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

உணர்ச்சி இல்லாத கை என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. காபி டம்ளரைக் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு குடிப்பாள். ஏதாவது கேட்டால் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். "கண்ணாலதான் பிடிக்கேன்க்கா. கண்ணை எடுத்தா டம்ளர் கையில இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது" என்றாள். தினமும் காலையில் அந்த மூன்று விரல்களையும் அரிசியில் விட்டுப் பார்ப்பாள், கோலப்பொடியில் விட்டுப் பார்ப்பாள், ஈரத்துணியில் வைத்துப் பார்ப்பாள். "இன்னிக்கு எப்படி?" என்று நான் கேட்பேன். "மரக்கட்டைதான்" என்பாள். மறுநாளும் பார்ப்பாள். அவளுக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

நான் செய்கிற வேலையைப் பார்க்க வந்து உட்காருவாள். முதல் நாள் நான் துப்பாக்கியின் பிளக்கைச் செருகப் போனபோது, "இருங்கக்கா" என்று எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கதவை விரியத் திறந்து, வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். "ஏத்தா, இது வெடிக்காது" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் வாளி வந்தபிறகுதான் பிளக் ஏறியது.

ஒரு நாள் அலங்காரத் தட்டு ஒன்றில் வைத்த கல் கோணலாகப் போய்விட்டது. நான் "ஐயோ" என்பதற்குள் அவள் கையை நீட்டி, கொதிக்கிற பசைக்குள்ளேயே விரலை விட்டுக் கல்லை நேராக நிறுத்தி, இறுகும்வரை அமுக்கிப் பிடித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வாளித் தண்ணீரில் முக்கினேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "தெரியலக்கா" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்றைக்கு நான் ஏசியது நிஜமான ஏச்சுத்தான். அதை நான் எனக்காக ஒரு புண்ணியமாக எடுத்துவைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், ஆனால் முடியவில்லை. ஏனென்றால் அவள் போன பிறகு அந்தத் தட்டைக் கையில் எடுத்து, கல் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம், "அந்த முத்தைக் கொஞ்சம் அமுக்கேன்" என்றேன். ஒரே ஒரு முத்து. அதற்கு அடுத்த நாள் ஒரு வரிசை.

இப்படித்தான் அது பழக்கமானது. நான் பசை விடுவேன், அவள் அமுக்குவாள். தெருவில் ஒரு கல்யாணத்துக்கு ஆரத்தித் தட்டு செய்துகொடுத்தோம். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அவளுக்குக் கூலியில் நான் குறை வைத்ததில்லை, மத்தியானச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். என் குற்றம் அந்த இடத்தில் இல்லை. விரல் நுனியில் வெள்ளை வெள்ளையாகத் தோல் கிளம்பியபோது மருந்துக் கடையில் களிம்பு வாங்கி நானே தடவிவிட்டேன். தடவும்போது என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. "உனக்குத்தான் சூடே தெரியாதே, நீ கொடுத்துவச்சவ" என்றுகூட ஒரு நாள் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

அப்போதுதான் காரியாபட்டியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்கு வளைகாப்பு. இருபத்தொரு சீர்வரிசைத் தட்டு. ஒவ்வொன்றிலும் பட்டுத்துணி, முத்துச்சரம், ஓரத்தில் கல், நடுவில் ஒரு சிறு பொம்மை. "உங்களை நம்பித்தான் இருக்கோம் மதினி, எங்க சம்பந்தி வீட்டாளுக முன்னால தலை நிமிந்து நிக்கணும்" என்று அந்த நாத்தனார் போனில் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் என்னை நம்பி ஒன்றும் கேட்டதில்லை.

அந்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். வந்ததும் நேராக என்னிடம்தான் சீட்டைக் கொண்டுவந்தாள். "இங்கிலீசுல எழுதியிருக்காக. எல்லாம் சீட்டுல இருக்கு, வாசிச்சுக்கோன்னுட்டாரு டாக்டர். வாசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். காலையும் இரவும் ஒரு மாத்திரை. தேங்காயெண்ணெய் தடவி விரலை நீவிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து வர வேண்டும். எண்ணெய்க்கும் மூன்று மாதத்துக்கும் நடுவில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. நரம்பு வளர ஆரம்பித்திருப்பதற்கு அறிகுறி தெரிகிறது, விரல் நுனியில் கொஞ்சம்கூடச் சூடு படக் கூடாது, பட்டால் இதுவரை வந்ததும் கெட்டுப்போகலாம் என்று எழுதியிருந்தது.

சுவரோரம் இருபத்தொரு வெறும் தட்டுகள் அடுக்கியிருந்தன. நான் அவற்றைப் பார்த்தேனா, பார்க்காமலே தெரிந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மாத்திரையைச் சொன்னேன். எண்ணெயைச் சொன்னேன். எண்ணெயிலிருந்து நேராக மூன்று மாதத்துக்குத் தாவினேன்.

"அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான்."

சீட்டை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தேன். அடுப்பில் நிற்கிறவளுக்குச் சூடு ஆகாது என்று தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளைகாப்பு முடிந்ததும் விவரமாகச் சொல்லிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். நரம்பு வளர ஆரம்பித்திருக்கிறது என்ற நல்ல செய்தியையும் சேர்த்து நான் விழுங்கிவிட்டேன் என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அதையும் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காரியாபட்டியிலிருந்து வண்டி வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே உட்கார்ந்தோம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது பன்னிரண்டு தட்டு முடிந்திருந்தது. பதின்மூன்றாவது தட்டுக்கு நான் பசை விட, அவள் முத்தை வைத்து அமுக்கினாள். அமுக்கியவள் "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பிறகு மெல்ல, வேண்டுமென்றே, அதே பசையில் மறுபடியும் வைத்தாள்.

"சுடுதுக்கா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு கத்தினாள். "யக்கா, சுடுதுக்கா! எனக்குச் சுடுது!" எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், அழுதாள், சிரித்தாள், விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அரிசியிலும் கோலப்பொடியிலும் தேடிக்கொண்டிருந்தது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அதை மறைத்து எழுத முடியாது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இன்னும் ஒன்பது தட்டு இருக்கிறதே, இனி யார் அமுக்குவது என்றுதான் தோன்றியது. கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மணி இரண்டு. அதற்கப்புறம்தான் நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் எரிச்சல் அதற்கு முந்திக்கொண்டுவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "இன்னும் ஒம்பது தட்டுத்தான் தாயி இருக்கு. முடிச்சிருவமா?"

"என்னக்கா இப்படிக் கேக்கீக? இன்னிக்கு நூறு தட்டுன்னாலும் அமுக்குவேன்" என்றாள்.

அமுக்கினாள். முதல் இரண்டு தட்டுக்கு ஒவ்வொரு முத்துக்கும் "ஸ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது தட்டில் சிரிப்பு நின்றது. அதற்கப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். ஐஸ் குச்சிகள் ஒரு கட்டு என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். முத்து கொஞ்சம் கோணலாக நின்றிருக்கும், அவ்வளவுதான். நான் எடுக்கவில்லை. அவள் மூச்சை இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த முத்துக்குப் பசை விட்டேன்.

நாலு மணிக்கு வண்டி வந்தது, தட்டுகள் போயின. ராத்திரிக்குள் உறவுக்காரர்கள் ஆளாளுக்குப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தார்கள். நான் அதை ஒரு தடவைதான் பார்த்தேன்.

அவளுடைய ஆள்காட்டி விரலில் பெரிதாகக் கொப்புளம் கிளம்பியது. அவள் அதைத் தெருவெல்லாம் காட்டினாள். "வலிக்குது பாருங்க, தொட்டா எப்படி வலிக்குதுங்கீக!" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "எங்கக்கா வீட்டுப் பசைதான் எனக்கு வைத்தியம். சூடு பட்டுப் பட்டுத்தான் நரம்பு முழிச்சிருக்கு." எதிர்வீட்டு அம்மா என்னைக் கோயில் வாசலில் நிறுத்தி, "நீங்க நல்லா இருக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

நாலாம் நாள் கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். கட்டுப் போட்ட நர்ஸ், "தோல் வச்ச கையில எப்படிம்மா இப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அடுப்புல பட்டிருச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. வெளியே வந்ததும் அவள் என் தோளில் லேசாக இடித்துச் சிரித்தாள். "நல்ல வேளைக்கா. துப்பாக்கின்னு சொல்லியிருந்தா அந்தம்மா என்னைக் கிழிச்சிருப்பாக. ஏச்சு வாங்காம காப்பாத்திட்டீக."

வீட்டுக்கு வந்து குளூ கன் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்ன உறைக்குள் மூன்று ரப்பர் விரலுறைகள் இருந்தன. சூடு படாமல் அமுக்குவதற்காகவே கொடுத்தது. வீடியோவில் எல்லோரும் அதை மாட்டியிருந்தார்கள், பார்த்த ஞாபகம் இருக்கிறது. உறையை நான் பிரிக்கக்கூட இல்லை.

பிறகு வந்த மாதங்களில் அவளுடைய கட்டை விரலுக்கு உணர்ச்சி வந்தது, நடுவிரலுக்கும் வந்தது. இப்போது டம்ளரைப் பார்க்காமல் காபி குடிக்கிறாள். குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறாள். ஆள்காட்டி விரல் மட்டும் புண் ஆறிய பிறகு மறுபடி மரத்துப்போனது. முதல் முதலில் சுட்டது அந்த விரலில்தான். முதலில் முழித்த விரல் முதலில் தூங்கிவிட்டது என்று அவள் வேடிக்கையாகச் சொல்கிறாள். மூன்று மாதச் சோதனைக்குப் போனபோது டாக்டர் அதைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு இனி வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். "ரெண்டு வந்துச்சேக்கா, அது போதாதா?" என்கிறாள். அந்த ஒன்பது தட்டு இல்லாவிட்டாலும் அது மரத்துத்தான் போயிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்காக அப்படி நினைக்கவில்லை, எனக்காகத்தான் நினைத்துக்கொள்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

குளூ கன்னை அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை. கரண்டு அடிக்கிறது, கம்பி போய்விட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன். காரியாபட்டியிலிருந்து இன்னொரு ஆர்டர் வந்தபோது முடியாது என்றேன். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதாகக் கேள்வி. பின்வரிசையிலிருந்து அவள்தான் அடிக்கடி வந்து கேட்கிறாள், "எப்பக்கா மறுபடி செய்யப்போறோம்? கை சும்மா இருக்க மாட்டேங்குது." சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் காபி போட எழுந்துவிடுவேன்.

போன வாரம் காலையில் குளித்து முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். "யக்கா, வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன். கை சரியானா கை உருவம் வாங்கிப் போடுறதா ஆத்தாளுக்கு நேந்திருந்தேன்" என்றாள். சந்தோஷம் என்று சொன்னேன். உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணப்போறேன். ஆத்தா பாதி, நீங்க பாதி, அப்படித்தான் என் கை வந்துச்சு. உங்க நட்சத்திரம் என்னக்கா?"

இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. நான் வாயைத் திறந்தேன். "ஏத்தா, அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்குல்ல..." என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"அந்தச் சீட்டா? பத்திரமா வச்சிருக்கேன்க்கா. நீங்க வாசிச்சுச் சொன்னபடிதான் இன்னிக்கு வரைக்கும் எண்ணெய் போட்டு நீவுறேன், ஒரு நாள் விடல. நட்சத்திரத்தைச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு விசாரிக்கப் போகணும்."

"உத்திராடம்" என்றேன்.

"ராசி?"

அதையும் சொன்னேன்.